பூச்சி ஓட்டைக் காய்ச்ச வேண்டாம்... காயவைத்தால் போதும்!

கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் புழு வளர்ப்பது கிராமங்களுக்கு இப்போது புதுச் செய்தி அல்ல. காய்கறிக் கழிவு, சமையல் கழிவு, அழுகிய பழம் என்று எதைப் போட்டாலும் தின்று தீர்க்கும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவை, வளர்ப்பவர்கள் ‘பி.எஸ்.எஃப். புழு’ என்றே சொல்கிறார்கள். புழு தீவனமாகிறது. அதன் எச்சம் எருவாகிறது. மிச்சமாகத் தொட்டியின் மூலையிலும் ஈக்கூண்டின் அடியிலும் கறுப்பாக, உமி போல ஓடு குவிகிறது.

அந்த ஓட்டைப் பற்றித்தான் இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ‘ஓட்டில் கைட்டின் இருக்கிறது. அதிலிருந்து கைட்டோசான் எடுத்து விற்றால், புழுவை விற்பதைவிடப் பல மடங்கு காசு’ என்பது அந்தப் பேச்சு. காஸ்டிக் சோடாவும் அமிலமும் வாங்கி, கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

இதில் பாதி உண்மை, பாதி வம்பு. ஓட்டில் மதிப்பு இருப்பது உண்மை. அதை வீட்டில் காய்ச்சிப் பிரிப்பதில் காசும் மிஞ்சாது, கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பும் இருக்காது. அதே சமயம், காய்ச்சாமலே அந்த ஓட்டைக் கொண்டு நிலத்தில் வேலை வாங்க முடியும். சிறு விவசாயி கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கைட்டின் என்பது என்ன?

பருத்தி நூலும் வைக்கோலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்து நிற்பதே செல்லுலோஸ். இப்படி உயிர்கள் தாமாக உருவாக்கும் நீண்ட சங்கிலிப் பொருள்களைத்தான் பயோபாலிமர் என்கிறார்கள். பூமியில் மிக அதிகமாக இருக்கும் பயோபாலிமர் செல்லுலோஸ். அதற்கு அடுத்த வரிசையில் வருவது கைட்டின். பூச்சியின் ஓடு, இறால், நண்டு ஆகியவற்றின் ஓடு, பூஞ்சாணத்தின் செல்சுவர், நூற்புழு முட்டையின் மேலுறை ஆகிய எல்லாவற்றிலும் கைட்டின் உண்டு. செல்லுலோஸில் தழைச்சத்து இல்லை. கைட்டினில் ஏறக்குறைய 7 சதவிகிதம் தழைச்சத்து உண்டு.

1811-ல் பிரான்சு நாட்டு அறிஞர் பிராகோனோ இதைக் காளானிலிருந்து பிரித்தார். 1823-ல் ஓடியே என்பவர் பூச்சியின் ஓட்டில் இதே பொருளைக் கண்டு ‘கைட்டின்’ என்று பெயரிட்டார். 1859-ல் ரூஜே என்பவர் கைட்டினை அடர்ந்த காரத்தில் கொதிக்கவைத்தபோது, அது நீர்த்த அமிலத்தில் கரையும் பொருளாக மாறியது. அதுதான் பின்னாளில் கைட்டோசான் என்று பெயர் பெற்றது. கைட்டின் தண்ணீரிலும் கரையாது, வினிகரிலும் கரையாது. கைட்டோசான் வினிகரில் கரைந்து கஞ்சி போலாகும். பயிர்த் தெளிப்பு, பழத்தின் மேல் பூச்சு, காயத்துக்குக் கட்டும் மருந்துத் துணி, கழிவுநீர் சுத்திகரிப்பு என்று அது பல வேலைகளுக்குப் போவது இந்தக் கரையும் தன்மையால்தான்.

விவசாயிகளுக்குக் கைட்டின் வேறு வழியிலும் பழக்கமானதுதான். டைஃப்ளுபென்சூரான், நோவாலுரான் போன்ற மருந்துகள் பூச்சியின் உடலில் கைட்டின் உருவாவதைத் தடுக்கின்றன. தோல் உரிக்க முடியாமல் பூச்சி சாகிறது. ஆகவே இத்தகைய மருந்து தெளித்த காய்கறிக் கழிவைப் பி.எஸ்.எஃப். தொட்டியில் போட்டால், வளர்க்கும் புழுவும் அதே கதிக்கு ஆளாகும். கழிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஓடு எங்கே கிடைக்கிறது?

சிப்பாய் ஈயின் முட்டை 4 நாள்களில் பொரிகிறது. புழுப்பருவம் 2 முதல் 3 வாரம். கூட்டுப்புழுவாக ஏறக்குறைய 2 வாரம். பிறகு ஈயாக ஒரு வாரம் போல இருந்து, முட்டையிட்டுச் சாகிறது. வீட்டு ஈயைப் போல உணவைத் தேடி மொய்ப்பதில்லை.

இந்தச் சுழற்சியில் கைட்டின் மூன்று இடங்களில் சேர்கிறது.

முதலாவது, எச்சம். புழு வளர்ந்து முடிப்பதற்குள் பலமுறை தோல் உரிக்கிறது. அந்தத் தோல்கள் எச்சத்தோடு கலந்துவிடுகின்றன. பி.எஸ்.எஃப். எருவை அள்ளிப் போடும் ஒவ்வொருவரும், தெரியாமலே கொஞ்சம் கைட்டினையும் நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, காலிக்கூடு. கடைசிப் பருவத்துத் தோலே கெட்டியாகி, கறுத்து, கூடாக நிற்கிறது. ஈ அதைப் பிளந்துகொண்டு வெளியேறியதும் மிஞ்சுவதுதான் நாம் பேசும் ஓடு. இதன் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கைட்டின் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முழுப் புழுவில் இந்த அளவு மிகவும் குறைவு.

மூன்றாவது, முட்டையிட்டு முடித்துக் கூண்டுக்குள் செத்து விழும் ஈக்கள்.

காலிக்கூட்டுக்கு எடையே இல்லை. ஒரு கிலோ சேரப் பல பத்தாயிரம் கூடுகள் வேண்டும். தீவனத்துக்காக வளர்ப்பவர்கள் பெரும்பாலான புழுவைக் கூடு கட்டும் முன்பே அள்ளிவிடுவார்கள். அடுத்த தலைமுறைக்காக விட்டுவைக்கும் சிறு பங்குதான் ஈயாகிறது. அதனால் சிறு பண்ணையில் சேரும் ஓடு குறைவாகவே இருக்கும். லாபக் கணக்கு போடுபவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

ஆலையில் என்ன செய்கிறார்கள்?

ஓட்டில் கைட்டின் தனியாக இல்லை. புரதம், சுண்ணாம்புச்சத்து, கொழுப்பு, நிறமி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. பல பூச்சிகளின் ஓட்டில் சுண்ணாம்பு குறைவு. சிப்பாய் ஈயின் புழுத்தோலில் அது கணிசமாகவே உண்டு. அதனால் கைட்டோசான் எடுக்க நான்கு கட்ட வேலை தேவைப்படுகிறது.

1. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பது.

2. சுமார் 4 சதவிகிதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடேற்றிப் புரதத்தை நீக்குவது.

3. வெளுப்பது. இத்தனைக்குப் பிறகு மிஞ்சுவது கைட்டின்.

4. அந்தக் கைட்டினை 40 முதல் 50 சதவிகித அடர் காஸ்டிக் கரைசலில், 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், மணிக்கணக்கில் வைத்திருப்பது. அப்போதுதான் அது கைட்டோசானாக மாறும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே அமிலமோ காரமோ இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும்.

உலகச் சந்தையில் விற்கும் கைட்டோசானில் பெரும்பகுதி இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது. இறால் எடையில் ஏறக்குறைய பாதி தலையும் ஓடும்தான். தூத்துக்குடி, கொச்சி போன்ற இடங்களின் பதனிடும் ஆலைகளில் ஓடு ஒரே இடத்தில் குவிகிறது. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் தொழில்நுட்பத்தைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வைத்திருக்கிறது. கொல்லையில் காய்ச்சும் கைட்டோசான், அந்த ஆலைச் சரக்கோடு விலையிலும் தரத்திலும் போட்டி போட்டாக வேண்டும்.

வீட்டுக் கணக்கு

ஒரு கிலோ காய்ந்த ஓட்டை எடுத்துக்கொள்வோம். அதில் கைட்டின் கால் கிலோ. கைட்டோசானாக மாற்றும்போது அதுவும் குறைந்து, 200 கிராம் தேறினாலே நல்ல தேர்ச்சி. கைட்டினைப் போலப் பத்து மடங்கு எடைக்கு அடர் காஸ்டிக் கரைசல் வேண்டும் என்று வைத்தாலும், முதல் கட்டக் காரத்தையும் சேர்த்தால் காஸ்டிக் சோடா மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் செலவாகும். அதோடு அமிலம், பல மணி நேர விறகு அல்லது கேஸ், குடம் குடமாகக் கழுவும் தண்ணீர். எல்லாம் முடிந்து கையில் இருப்பது தரம் தெரியாத 200 கிராம் தூள். எவ்வளவு மாற்றம் அடைந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து சொன்னால்தான் வாங்குபவர் விலை பேசுவார்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். கண் போனால் வராது. கொதிக்கும் அடர் காஸ்டிக் ஒரு துளி தெறித்தாலும் கண்ணைக் கெடுத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தையே கரைத்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். வெளுக்கும் கரைசலோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும்பி மூச்சை அடைக்கும். கழுவிய தண்ணீரில் இருக்கும் உப்பும் சோடியமும் நிலத்தை இறுக்கி உவராக்கும். கிணற்றடியிலோ வரப்பிலோ அதைக் கொட்ட முடியாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் செய்யும் வேலை அல்ல இது. ஏற்கெனவே காஸ்டிக் வாங்கி வைத்திருப்பவர்கள், கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நல்ல தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மண்ணுக்குள் நடக்கும் வேலை

கைட்டினைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் நல்ல மண்ணில் ஏற்கெனவே உண்டு. டிரைக்கோடெர்மா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள், பல பேசில்லஸ் இனங்கள் ஆகியவை கைட்டினேஸ் என்ற நொதியைச் சுரந்து கைட்டினை உடைக்கின்றன. ஓட்டுத்தூளை மண்ணில் சேர்த்தால் இவற்றுக்கு உணவு கிடைத்துப் பெருகுகின்றன. பெருகியவை அதே நொதியால், கைட்டின் செல்சுவர் கொண்ட நோய்ப் பூஞ்சாணங்களையும், வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையுறையையும் தாக்குகின்றன. கைட்டின் சிதையும்போது வெளிப்படும் அம்மோனியாவும் நூற்புழுவுக்கு ஆகாது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. கைட்டின் துணுக்கு வேரில் பட்டால், ‘பூஞ்சாணம் வந்துவிட்டது’ என்று பயிர் எடுத்துக்கொண்டு தன் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. நெற்பயிரில் கைட்டினை உணரும் புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ல் கண்டறிந்தார்கள். கைட்டோசான் தெளிப்பும் இந்தத் தூண்டுதலை நம்பித்தான் செய்யப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடைப் பயிர்ப் பாதுகாப்புக்கு உதவும் அடிப்படைப் பொருளாக ஏற்றது.

இதற்கு எல்லையும் உண்டு. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், பல பயிர்களில் அழுகலும் கருகலும் உண்டாக்கும் பைட்டோப்தோரா ஆகியவற்றின் செல்சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் வகையைச் சேர்ந்தது. கைட்டினேஸ் அவற்றை அதிகம் அசைக்காது. ‘எல்லா அழுகலுக்கும் ஒரே மருந்து’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நோய் வந்து வாடிய செடியையும் ஓட்டுத்தூள் மீட்காது. நடவுக்கு முன் மண்ணைத் தயார்செய்யும் பொருளாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டைச் சேர்ப்பதும் பயன்படுத்துவதும்

கூட்டுப்புழுக்களை இருட்டுப் பெட்டியில் வைத்து, ஈ வெளிச்சத்தைத் தேடிக் கூண்டுக்குள் போகும்படி அமைத்தால், காலி ஓடு பெட்டியிலேயே சுத்தமாகத் தங்கும். இன்னும் பொரியாத கூடுகளைச் சலித்துப் பிரித்துவிட்டு, ஓட்டைத் தார்ப்பாயில் பரப்பி 2, 3 நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். காற்றில் பறந்துவிடும் என்பதால் மேலே பழைய கொசுவலை போடலாம். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்து நாறும். காய்ந்ததை இடித்தோ அரைத்தோ தூளாக்கி, உள்ளே பாலிதீன் பை போட்ட சாக்கில் கட்டி வைக்கலாம்.

தூளாக்கும்போது மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்வது அவசியம். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருபவர்களுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இந்தத் தூசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

கிடைக்கும் ஓடு குறைவு என்பதால் அதை வயல் முழுக்கத் தூவினால் பலன் தெரியாது. ஆய்வுகளில் பலன் கண்ட அளவு மண் எடையில் அரை முதல் ஒரு சதவிகிதம். ஏக்கர் கணக்கில் அது டன்னுக்குப் போய்விடும். ஆகவே நாற்றங்கால், குழித்தட்டு, மரக்கன்றுப் பை, காய்கறி நடும் குழி ஆகிய சிறு இடங்களுக்கு இதை ஒதுக்குவதே கெட்டிக்காரத்தனம்.

நாற்றங்கால் கலவை 100 கிலோவுக்கு அரைக் கிலோ ஓட்டுத்தூள் சேர்க்கலாம். ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அம்மோனியா மிகுந்து நாற்றின் வேர் கருகும். கலவையில் மட்கிய தொழுவுரமும், பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்த்து, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், நிழலில் 3 முதல் 4 வாரம் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். சாம்பலும் சுண்ணாம்பும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். பயன்படுத்தும் முன் ஒரு தட்டில் 20 பாசிப்பயறு விதைத்துப் பாருங்கள். பழுதில்லாமல் முளைத்து, வேர் வெள்ளையாக ஓடினால் கலவை தயார். முளை கருகினால் இன்னும் 2 வாரம் விடுங்கள்.

பி.எஸ்.எஃப். எச்சத்தையும் இதே போலப் பதப்படுத்தித்தான் போட வேண்டும். புதிய எச்சத்தில் அம்மோனியா அதிகம். சில வாரம் மட்கவைத்த பிறகு, வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து, நடவுக்கு 2, 3 வாரம் முன்பே குழியில் இட்டால் வேருக்குக் கேடு இல்லை. தொழிற்சாலைக் கசடு, சாக்கடைக் கசடு தின்று வளர்ந்த புழுவின் எச்சத்தை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது. காட்மியம் போன்ற கன உலோகங்கள் அதன் வழியே வரலாம்.

பலன் தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே ஒரு பாத்தியை ஓட்டுத்தூள் இல்லாமல் விட வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்ச் செடிகளை அறுவடை முடிந்ததும் பிடுங்கி, இரண்டு பாத்தியின் வேர்முடிச்சுகளையும் எண்ணிப் பார்த்தால் தூளுக்கு மதிப்பெண் போட்டுவிடலாம்.

பாட்டில் வாங்குபவர்கள் கவனிக்க

கடையில் கைட்டோசான் திரவம் வாங்குபவர்கள், அதில் எத்தனை சதவிகிதம் கைட்டோசான் என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைட்டோசான் அமிலத்தில்தான் கரைந்திருக்கும். கொஞ்சம் எடுத்துச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் சொட்டுவிட்டால், சாதாரணக் கைட்டோசான் வெள்ளை நூலாகவோ திரியாகவோ பிரியும். தண்ணீரில் கரையும் குறுஞ்சங்கிலி வகை இப்படிப் பிரியாது. வேறு சில உப்புகளும் கலங்கலைக் காட்டும். ஆகவே இது முதல் சோதனை மட்டுமே.

இதே காரணத்தால் போர்டோக் கலவை, சுண்ணாம்புத் தண்ணீர், சோப்புக் கரைசல் ஆகியவற்றோடு கைட்டோசானைக் கலக்கக் கூடாது. திரிந்து நாசிலை அடைக்கும். டிரைக்கோடெர்மா, பிவேரியா போன்ற பூஞ்சாண உயிர்மருந்துகளோடும் ஒரே டேங்கில் கலக்காமல், சில நாள் இடைவெளி விடுவது நல்லது.

சொந்தமாகத் தயாரித்துப் பாட்டிலில் அடைத்து விற்க நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். உயிரூக்கிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. நோயைக் கட்டுப்படுத்தும் என்று லேபிளில் எழுதினால் 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் குறுக்கே வரும். காய்ந்த ஓட்டை ஓடாகவே விற்பதுதான் சிறு பண்ணைக்கு ஏற்றது. அதற்கும் பத்து, இருபது பேர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, எச்சம் கலக்காமல் சேர்த்து வைத்தால்தான் வாங்குபவர் வண்டி அனுப்புவார். வாங்குபவர் யார், என்ன விலை என்பதை எழுத்தில் பெறாமல் ஓட்டுக்காக மட்டும் பண்ணையைப் பெரிதாக்க வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓட்டை வினிகரில் ஊறவைத்தால் கைட்டோசான் வந்துவிடுமா?

வராது. ஊறவைக்கும்போது குமிழி வருவதைப் பார்த்துக் கைட்டோசான் கரைகிறது என்று நினைக்கத் தோன்றும். அது ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு கரையும் குமிழி. கைட்டின் அப்படியே அடியில் கிடக்கும்.

கேள்வி: மோரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்தால்?

தயிர்ப் பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் சுண்ணாம்பில் ஒரு பகுதியைக் கரைக்கும். புரதமும் ஓரளவு பிரியும். இறால் ஓட்டில் இந்த முறையை ஆய்வு செய்திருக்கிறார்கள். கிடைப்பது அரைகுறையாகச் சுத்தமான கைட்டின்தான், கைட்டோசான் அல்ல. எருக்குழியில் போட அது போதும்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கிறோம். இறால் ஓடு, நண்டு ஓடு உதவுமா?

உதவும். உப்புப் போக நன்றாகக் கழுவிக் காயவைத்துத் தூளாக்கி, மட்குக் குவியலில் சேர்க்கலாம். இவற்றில் சுண்ணாம்பு மிக அதிகம் என்பதால் புளிப்பு மண்ணுக்கு ஏற்றது. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில் குறைத்துப் போட வேண்டும்.

கேள்வி: காலி ஓட்டைக் கோழிக்குப் போடலாமா?

கோழியின் வயிற்றில் கைட்டினை ஓரளவு செரிக்கும் நொதி உண்டு. ஆனாலும் காலி ஓட்டில் கோழிக்கு வேண்டிய சத்து குறைவு. புழுவைக் கோழிக்கும், ஓட்டை நாற்றங்காலுக்கும் கொடுங்கள்.

கேள்வி: பட்டுப்புழு வளர்க்கிறோம். அதில் இப்படி ஏதாவது உண்டா?

பட்டு நூலே ஒரு பயோபாலிமர்தான். கூட்டின் ஓட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஃபைப்ராயின் என்ற நார்ப்புரதம், கால் பங்கு செரிசின் என்ற பசைப்புரதம். நூற்கும்போதும் பசை நீக்கும்போதும் அந்தச் செரிசின் தண்ணீரோடு போகிறது. கூட்டை விற்றுவிடும் விவசாயியின் கைக்கு அது வருவதில்லை. உங்கள் பகுதியில் நூற்பு நிலையம் இருந்தால், நூல் எடுத்த பின் மிஞ்சும் கூட்டுப்புழுவைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெயும் புரதமும் நிறைந்த அது, நன்றாக மட்கவைத்தால் தழைச்சத்து மிகுந்த எரு.

கேள்வி: என் நிலத்தில் நூற்புழு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெண்டை, தக்காளி, கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்து, தேய்த்தாலும் உதிராமல் வேரோடு ஒட்டியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறுவகை வேரில் இருக்கும் நல்ல முடிச்சு லேசாகத் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கால் கிலோ அளவுக்கு வேரோடு சேர்த்து ஈரம் காயாமல் பாலிதீன் பையில் கட்டி, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஓட்டுத்தூளை எந்தப் பாத்திக்கு முதலில் கொடுப்பது என்பதை அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.